மரப்பட்டையில் ஒரு மனு, மணலில் ஒரு பட்டா

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் இந்தப் பக்கம் தலைகாட்டி ரெண்டு மாசம் ஆச்சு, மன்னிச்சுக்குங்க மக்கா. இந்தத் தடவை மொக்கை கிடையாது, கொஞ்சம் சரித்திரம். நீளமாத்தான் இருக்கும். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க :)

நான் பொட்டி தட்டுறது நில வரைபட மென்பொருள்ல. ஒரு வயலோ வீட்டு மனையோ, எங்களுக்கு எல்லாமே ஒண்ணுதான்: வரிசையா சில புள்ளிகள், கடைசிப் புள்ளி முதல் புள்ளியோட சேரணும். சேர்ந்துட்டா அது ஒரு பாலிகான். அதுக்கு ஒரு எண், ஒரு உரிமையாளர் பேரு. முடிஞ்சது வேலை. அந்தப் பாலிகானுக்குள்ள என்ன முளைக்குது, யாரு அங்க அழுதாங்க, எந்த மரத்தடியில யாரைப் புதைச்சாங்க, இதுக்கெல்லாம் எங்க டேட்டாபேஸ்ல காலம் கிடையாது.

ஆன்சைட்டுன்னு சிட்னிக்கு வந்த புதுசுல, ஒரு சனிக்கிழமை ரூம்மேட்டோட கார்ல கான்பெரா போனோம். நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுத்திப் பார்க்குறப்ப ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னுட்டேன். உள்ள மரப்பட்டை. நடுவுல டைப்ரைட்டர்ல அடிச்ச ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. அதைச் சுத்தி நாலு பக்கமும் செம்மண், வெள்ளை, மஞ்சள், கறுப்புல மீன், பாம்பு, ஆமைன்னு ஓவியம். "கல்யாணப் பத்திரிகைக்கு பார்டர் போட்ட மாதிரி அழகா இருக்குல்ல?"ன்னேன் ரூம்மேட்கிட்ட. எவ்வளவு பெரிய அபத்தம் அதுன்னு புரியறதுக்கு எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இந்தப் பதிவு அந்த ஒரு வருஷத்தோட சுருக்கம்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பலரிடம் இறந்தவங்க பேரைக் கொஞ்ச காலம் சொல்லாம இருக்கிற வழக்கம் உண்டு. அதனால ஏற்கெனவே பொதுவெளியில பதிவான ஒண்ணு ரெண்டு பேர் பேரை மட்டும் சொல்றேன். ரெண்டாவது, ங! சின்ன வயசுல ஙனா, ஙாவன்னான்னு மொத்த வரிசையையும் மனப்பாடம் பண்ண வச்சாங்களே, அதுல பாதி எழுத்துக்கு வேலையே இல்லைன்னு நாம சிரிச்சோமே, ஞாபகம் இருக்கா? இந்த மொழிகள்ல அந்த எழுத்துக்கு முழுநேர வேலை. யோல்ஙு, ஙுர்ரரான்னு இங்கிலீஷ்காரங்க நாக்கு தடுமாறுற பேரையெல்லாம் நாம நேரா எழுதிடலாம். ஆத்திச்சூடிக்கு நன்றி :)

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஆஸ்திரேலியாவோட வடக்கு முனையில ஆர்னெம் லாண்ட்னு ஒரு பகுதி. அதோட வடகிழக்கு மூலையில யிர்கலாங்கிற சின்ன ஊர். அங்க இருக்கிறவங்க யோல்ஙு மக்கள். 1931-லேயே ஆர்னெம் லாண்ட் பூர்வகுடிகளுக்கான காப்பு நிலம்னு அரசாங்கம் அறிவிச்சிருந்தது. 1935-ல யிர்கலாவுல மெதடிஸ்ட் மிஷன் வந்தது.

யோல்ஙு உலகத்துல எல்லாமே ரெண்டு பாதி: துவா, யிரிட்ஜா. மனுஷன், மரம், மீன், காத்து, ஒவ்வொரு துண்டு நிலம், எல்லாமே இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணைச் சேர்ந்தது. கல்யாணம்னா ஒரு பாதியில இருக்கிறவர் மறு பாதியிலதான் பண்ணணும். அதனால ஒவ்வொருத்தருக்கும் அப்பா வழியில ஒரு நிலம் சொந்தம், அம்மா வழியில வர்ற இன்னொரு நிலத்துக்கு அவங்க காவல்காரங்க. அம்மா நிலத்துல ஒரு சடங்கோ ஓவியமோ சரியா நடக்குதான்னு பார்க்க வேண்டியது பிள்ளைங்க பொறுப்பு. "என் நிலம், நான் என்ன வேணா பண்ணுவேன்"னு யாரும் சொல்ல முடியாது. பக்கத்துலேயே கேள்வி கேக்க ஆள் நிப்பாங்க.

ஓவியமும் அப்படித்தான். ஒவ்வொரு குலத்துக்கும் அதோட நிலத்துக்கே உரிய வடிவங்கள் உண்டு. அதுக்குப் பேரு மிஞ்ச்ஜி. அலையோட ஒரு குறிப்பிட்ட வளைவு, வைரக்கட்டம் மாதிரி ஒரு கோலம், நெருக்கமா இழைச்ச குறுக்குக் கோடுகள்... பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனா அதுதான் அந்த நிலத்தோட கையெழுத்து. அந்த நிலத்தை உருவாக்கின மூதாதையர் விட்டுட்டுப் போன வடிவம். இன்னொரு குலத்தோட வடிவத்தை உரிமை இல்லாம வரைஞ்சா அது பெரிய குற்றம். நான் பார்டர்னு நினைச்சதுதான் உண்மையிலேயே பத்திரம். நடுவுல டைப் அடிச்சிருந்த காகிதம், நமக்காகப் போட்ட மொழிபெயர்ப்பு.

செய்முறையைக் கேளுங்க. ஸ்ட்ரிங்கிபார்க்னு ஒரு வகை யூகலிப்டஸ் மரம். மழைக்காலத்துல மரத்துல சாறு ஏறுறப்பதான் பட்டை சுலபமா உரியும், அதனால அப்பதான் உரிப்பாங்க. தீயில வாட்டி, பாரம் வச்சு சமதளமா ஆக்குவாங்க. சிவப்பு, மஞ்சள் எல்லாம் மண்ணுல கிடைக்கிற கல்லை இழைச்சு எடுக்குறது. வெள்ளை ஒரு களிமண். குறுக்குக் கோடு போடுற தூரிகை மனுஷத் தலைமுடியில செஞ்சது. அதாவது தோல் நிலத்தோடது, நிறம் நிலத்தோடது, முடி மனுஷனோடது. யிர்கலா கலை மையத்துல இன்னைக்கும் ஒரு விதி இருக்கு: நிலத்தை வரையணும்னா நிலத்துல கிடைச்சதை வச்சே வரையணும். கடையில வாங்கின பெயின்ட்டுக்குப் பொதுவா இடம் இல்லை.

இந்த விதிக்கு ஒரு விசித்திரமான கிளைக்கதை உண்டு, கடைசியில சொல்றேன்.

1963-ல என்ன ஆச்சுன்னா, யிர்கலாவைச் சுத்தி இருக்கிற மண்ணுல பாக்சைட் இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்சிருந்துச்சு. அலுமினியத்தோட மூலப்பொருள். மென்சீஸ் அரசாங்கம் காப்பு நிலத்துலேர்ந்து 300 சதுர கிலோமீட்டருக்கும் மேல வெட்டி எடுத்து சுரங்கத்துக்குக் குடுக்க முடிவு பண்ணிச்சு. அங்க இருந்த மக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

அந்தச் சமயத்துல யோல்ஙு பெரியவங்க ஒரு வேலை பண்ணிட்டிருந்தாங்க. மிஷன் சர்ச்சுக்காக ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு இருக்கிற ரெண்டு பலகை. ஒண்ணுல துவா குலங்கள், இன்னொண்ணுல யிரிட்ஜா குலங்கள். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நிலத்தோட வடிவத்தை வரைஞ்சாங்க. பீடத்துக்கு ரெண்டு பக்கமும் நிறுத்தினாங்க. "எங்க நிலம், எங்க சட்டம் இதோ இருக்கு, உங்க சாமி முன்னாடியே வைக்கிறோம்"ங்கிற தோரணை. விசாரிக்க வந்த கிம் பீஸ்லி (மூத்தவர்) என்கிற எதிர்க்கட்சி எம்.பி. இந்தப் பலகைகளைப் பார்த்துட்டு, நாடாளுமன்றத்துக்குக் குடுக்கிற மனுவையும் இப்படி ஓவியத்தோட குடுங்களேன்னு யோசனை சொன்னார்.

அப்படிப் பிறந்ததுதான் நான் பார்த்த மனு. யோல்ஙு மொழியிலயும் ஆங்கிலத்துலயும் டைப் அடிச்சு, பட்டையில ஒட்டி, சுத்தி மிஞ்ச்ஜி. 1963 ஆகஸ்ட் 14 அன்னைக்கு நாடாளுமன்றத்துல வச்சாங்க. ரொம்பச் சாதாரணமான கோரிக்கைதான். எங்ககிட்ட சொல்லாமலே நிலத்தைப் பிரிச்சுட்டீங்க. நினைவு தெரியாத காலத்துலேர்ந்து இது நாங்க வேட்டையாடி, உணவு சேகரிச்சு வாழ்ற இடம். டார்வின் பக்கம் லாரக்கியா மக்களுக்கு நேர்ந்த கதி எங்களுக்கும் நேருமோன்னு பயமா இருக்கு. ஒரு குழுவை அனுப்புங்க, மொழிபெயர்ப்பாளரோட அனுப்புங்க, எங்க பேச்சைக் கேளுங்க. அவ்வளவுதான்.

அமைச்சர் பால் ஹாஸ்லக் சந்தேகம் கிளப்பினார். கையெழுத்துப் போட்ட 12 பேரும் சின்னப் பசங்க, ஊருக்காகப் பேச இவங்க யாருங்கிற ரீதியில. ரெண்டே வாரத்துல, ஆகஸ்ட் 28 அன்னைக்கு ரெண்டாவது பட்டை மனு வந்துச்சு. கூடவே பெரியவங்களோட கட்டை விரல் ரேகைகள். (ரேகை வச்சா செல்லும், குல ஓவியம் வச்சா செல்லாது! இத்தனைக்கும் ரேகையை விட அந்த ஓவியத்தைப் போலியா போடுறது கஷ்டம்.) நாடாளுமன்றம் ஒரு குழு அமைச்சுது. குழு நேர்ல போய்க் கேட்டுச்சு, புனித இடங்களைக் காக்கணும், இழப்பீடு குடுக்கணும்னு அறிக்கையும் குடுத்துச்சு. ஆனாலும் சுரங்கம் வந்துருச்சு.

1968-ல யோல்ஙு மக்கள் நீதிமன்றத்துக்குப் போனாங்க. வழக்குல பெரியவங்க சாட்சி சொன்னாங்க. வெளியாட்களுக்குக் காட்டவே கூடாத புனிதப் பொருள்களைக் கூட நீதிபதிக்குக் காட்டினாங்க. அவங்க வரைக்கும் அதுதான் மூலப் பத்திரம். மூலப் பத்திரத்தையே எடுத்து மேசையில வச்சுட்டா அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

1971 ஏப்ரல் 27. நீதிபதி ரிச்சர்ட் பிளாக்பர்ன் தீர்ப்பு. இதைத்தான் நீங்க நிதானமா படிக்கணும்.

அவர் ஒண்ணும் புரியாம தீர்ப்பு சொல்லல. யோல்ஙு மக்கள்கிட்ட நுணுக்கமான, உறுதியான ஒரு சட்ட அமைப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டார். ஆனா அவங்களுக்கு நிலத்தோட இருக்கிறது "சொத்து" உறவு இல்லைன்னுட்டார். ஏன்? சொத்துன்னா அனுபவிக்கிற உரிமை, அடுத்தவனை உள்ள விடாம தடுக்கிற உரிமை, விக்கிற உரிமை வேணும். இவங்க விக்கிறது கிடையாது, அடுத்தவங்களைத் தடுக்கிறதும் பெருசா கிடையாது. சாட்சியங்களைப் பார்த்தா நிலம் குலத்துக்குச் சொந்தம்னு சொல்றதை விட, குலம் நிலத்துக்குச் சொந்தம்னு சொல்றதுதான் பொருத்தமா இருக்குன்னு எழுதினார்.

முதல் தடவை இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு நிமிஷம் தலை சுத்திருச்சு. அவங்க சொன்னதை முழுக்கச் சரியா புரிஞ்சுக்கிட்டவர் அந்த நீதிபதி! அவங்க நிலத்துக்குச் சொந்தம், அதுக்குப் பாடணும், அதை வரையணும், அதைப் பார்த்துக்கணும். நிலம் அவங்களைப் பார்த்துக்கும். சரியா பிடிச்சுட்டு, அதையே காரணமா காட்டித் தோக்கடிச்சுட்டார். நிலத்தை விக்க மனசு வராதவனுக்கு நிலம் சொந்தம் இல்லை. நம்ம ஊர்ல யாராவது தாசில்தார், "அம்மாவை ரொம்ப மதிக்கிறே, வாடகைக்கு விட மாட்டேங்கிறே, அதனால அவங்க உனக்கு அம்மா இல்லை"ன்னா எப்படி இருக்கும்?

தோல்வி வீண் போகல. யோல்ஙு மக்களுக்காக வாதாடின எட்வர்ட் உட்வர்ட் என்கிற வக்கீலையே, 1973-ல அடுத்த அரசாங்கம் நில உரிமை விசாரணை ஆணையரா போட்டுச்சு. 1976-ல வடக்குப் பிரதேச நில உரிமைச் சட்டம் வந்தது. அப்புறம் 1992 ஜூன் 3, மாபோ தீர்ப்பு. வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே இங்க நில உரிமை இருந்துச்சுன்னு உயர் நீதிமன்றம் ஒத்துக்கிட்டுது. 1993-ல பூர்வீக உரிமைச் சட்டம். கதவு திறந்துச்சு. ஆனா கதவுக்கு உள்ள போக ஒரு நிபந்தனை இருந்துச்சு: நிரூபிச்சுக் காட்டு.

இப்ப கதை யிர்கலாவுலேர்ந்து தென்மேற்கே ரொம்ப தூரம் நகருது. மேற்கு ஆஸ்திரேலியா, கிரேட் சாண்டி பாலைவனம். வரிசை வரிசையா சிவப்பு மணல் மேடுகள். வால்மஜாரி, வாங்கஜுங்கா, மங்காளா, ஜுவாலினி மொழி பேசுற மக்களோட பூமி. 20-ஆம் நூற்றாண்டுல, 1960-கள் வரைக்கும், கொஞ்சம் கொஞ்சமா இவங்க பாலைவனத்தை விட்டு வடக்கே மாட்டுப் பண்ணைகளுக்கும் மிஷன்களுக்கும் வந்துட்டாங்க. அதுக்கு முன்னாடியே 1906-1910-ல ஆல்ஃப்ரெட் கானிங் என்கிற சர்வேயர், மாடு ஓட்டிப் போற ஒரு நீண்ட பாதைக்காகப் பாலைவனத்துக்குள்ள கிணறு கிணறா வெட்டினார். தண்ணி எங்க இருக்குன்னு காட்ட அங்க இருந்த மக்களைச் சங்கிலி போட்டுக் கூட்டிட்டுப் போனார். 1908-ல இதுக்கு ஒரு விசாரணை ஆணையமே உக்காந்துச்சு. அந்தப் பூமியில தண்ணியோட இருப்பிடம்தான் அறிவு, சொத்து, சரித்திரம் எல்லாம்.

அங்க ஜிலான்னா வத்தாத ஊற்று. ஜுமுன்னா மழைக்கு அப்புறம் கொஞ்ச நாள் இருக்கிற ஊற்று. ஜிலா வெறும் தண்ணி இல்லை, அதுக்குள்ள ஒரு ஆள் இருக்கார். மனுஷனா திரிஞ்சு, கடைசியில மழைப் பாம்பா மாறி ஊத்துக்குள்ள போய் உக்காந்தவர். குர்டல்ங்கிற ஜிலாவுக்கு அந்த மாதிரி ஒரு கதை உண்டு. ஜிலாவுக்குப் போறப்ப தூரத்துலேர்ந்தே குரல் குடுக்கணும். நான் இன்னார், உன் பேரப்பிள்ளை வந்திருக்கேன், கூட வந்திருக்கிறது புது ஆளு, ஒண்ணும் பண்ணிடாதேன்னு அறிமுகப்படுத்தணும். மணல் மூடியிருந்தா தோண்டிச் சுத்தம் பண்ணணும். பண்ணினா ஜிலா சந்தோஷப்படும், மழை வரும். யாரும் வரலைன்னா அது வாடும். ஒரு பாசமுள்ள கிழவர் தனியா வீட்டுல இருக்கிற மாதிரிதான்.

1990-கள்ல இவங்க பூர்வீக உரிமை கேட்டு விண்ணப்பிச்சாங்க. பெரியவங்க பல பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. கேள்வி-பதில், மொழிபெயர்ப்பு, "எல்லை எது?"ன்னு வரைபடம்... நம்மளை மாதிரி பாலிகான் ஆளுங்க கேக்குற கேள்விங்க. அவங்க நிலத்துக்குக் கோடு கிடையாது. ஒரு ஊத்துலேர்ந்து இன்னொரு ஊத்துக்கு நடந்த பாட்டும் கதையும்தான் இருக்கு. அப்பத்தான் முடிவு பண்ணினாங்க: பேசிப் புரிய வைக்க வேண்டாம், வரைஞ்சு காட்டிடுவோம்.

1996-ல ஒரு துணியில முயற்சி பண்ணினாங்க. அது திருப்தியா வரல. 1997-ல பாலைவனத்தோட வடக்கு ஓரத்துல பிர்னினிங்கிற இடத்துல கூடினாங்க. ஃபிட்ஸ்ராய் கிராசிங்ல இருக்கிற மங்கஜா கலை மையம் துணை. 8 மீட்டருக்கு 10 மீட்டர் கேன்வாஸ். நம்ம ஊர்ல ஒரு கிரவுண்டுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான், ஆனா ஓவியத்துக்கு அது மைதானம். 40-க்கும் மேற்பட்ட ஓவியர்கள். முதல்ல தீர்க்க வேண்டியது யாரு எங்க உக்காரணும்ங்கிறதுதான். அவங்கவங்க ஊத்து எங்க இருக்கோ அங்கதான் உக்காரணும். பக்கத்து நிலத்துக்காரர் பக்கத்துலதான் இருக்கணும். பாலைவனத்துல எப்படி வாழ்ந்தாங்களோ அதே வரிசையில துணி மேல உக்காந்தாங்க. வடக்கு, தெற்கு, அளவுகோல் எதுவும் இல்லை. ஆனா எந்த ஜிலா எதுக்குப் பக்கம், யாரோட கதை எங்க முடிஞ்சு அடுத்தவரோடது எங்க தொடங்குதுங்கிறதுல துளி குழப்பம் இல்லை. பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள்னு படத்துல பார்த்தாலே கண்ணு கூசும். யிர்கலா விதி மாதிரி இங்க இல்லை, இவங்க அக்ரிலிக்ல வரைஞ்சாங்க. பாலைவனத்துக்கு வேற பழக்கம்.

அப்புறம் பூர்வீக உரிமைத் தீர்ப்பாயம் பிர்னினிக்கே வந்துச்சு. துணியை மணல்ல விரிச்சாங்க. ஒவ்வொருத்தரா எழுந்து, தான் வரைஞ்ச ஊத்து மேல போய் நின்னாங்க. தன் மொழியில பேசினாங்க. இது என் இடம், இங்க எங்க தாத்தா இருந்தார், இந்தத் தண்ணிக்குப் பேரு இது. சாட்சிக் கூண்டுல நிக்கல, தன் நிலத்து மேல நின்னு சாட்சி சொன்னாங்க. நிஜ நிலம் எத்தனையோ மைல் தெற்கே இருக்கட்டும், அவங்களுக்குத் துணியும் நிலமும் வேற வேற இல்லை. குர்டலோட மழைச் சடங்கைக் காக்குற நில்பிர் ஸ்பைடர் ஸ்னெல் என்கிற பெரியவர் பின்னால இந்தக் கேன்வாஸ் மேலேயே குர்டல் ஆட்டம் ஆடினார். அவரையும் அவர் பேரனையும் பத்தி 2015-ல "புட்டுப்பாரி அண்ட் த ரெயின்மேக்கர்ஸ்"னு ஒரு ஆவணப்படம் வந்தது. கிடைச்சா விடாதீங்க.

ஓவியத்தைப் பார்த்து அப்படியே தீர்ப்பு குடுத்துட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. அப்படி எழுதினா படிக்க நல்லா இருக்கும், ஆனா உண்மை இல்லை. பேச்சுவார்த்தை, மானிடவியல் அறிக்கைன்னு அதுக்கு மேல பத்து வருஷம் இழுத்துச்சு. 2007 நவம்பர் 9 அன்னைக்கு நீதிமன்றம் மறுபடி பிர்னினிக்கே வந்து, மாநில அரசும் ஒத்துக்கிட்டதால, 76,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல இவங்க உரிமையை அங்கீகரிச்சுது. தமிழ்நாட்டுல பாதிக்கும் மேல! ஆனா கேன்வாஸ்ல உக்காந்து வரைஞ்சவங்கள்ல பல பேர் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க. ஓவியம் ஜெயிக்க வச்சுதா? எனக்குத் தெரிஞ்ச வரை அது வேற ஒண்ணைச் செஞ்சுது. கேக்க வந்தவங்களை, எழுத்து தெரியாத சாட்சின்னு பார்க்காம, படிக்கத் தெரியாதது நாமதான்னு உணர வச்சுது.

இதுலயும் குறை உண்டு. பூர்வீக உரிமைச் சட்டப்படி சுரங்கம் வந்தா பேச்சுவார்த்தை நடத்துற உரிமைதான், வேண்டாம்னு தடுக்கிற உரிமை இல்லை. ஆனா அதே 2007-ல அவங்க நிலத்துல வார்லு ஜிலாஜா ஜுமுன்னு ஒரு காப்புப் பகுதி அறிவிச்சாங்க. தீ, ஊற்று, சிற்றூற்றுன்னு அர்த்தம். ஙுர்ரரா ரேஞ்சர்கள் போய் ஊத்தைத் தோண்டிச் சுத்தம் பண்றாங்க, ஒட்டகம் நாசம் பண்ணாம பார்த்துக்கிறாங்க, காலம் பார்த்துச் சின்னச் சின்னத் தீ வச்சுப் பெருந்தீயைத் தடுக்கிறாங்க. வழக்குக்காக வரைஞ்சதா? இல்லை. வழக்கு முடிஞ்சும் பார்த்துக்கத்தான் செய்றாங்க.

யிர்கலாவுலயும் கதை முடியல. 1996-ல அந்தப் பக்கம் ஒரு கடலோரத்துல, அனுமதி இல்லாம மீன் பிடிக்க வந்தவங்களோட கூடாரத்துல வெட்டின முதலைத் தலை கிடந்துச்சு. அந்த இடத்துல முதலைதான் மூதாதை. நம்மாளுங்களா இருந்தா மறியல் பண்ணியிருப்போம். அவங்க 47 ஓவியர்கள் சேர்ந்து 80 மரப்பட்டை வரைஞ்சாங்க. கடலுக்கும் சட்டம் உண்டு, இதோ பாருங்கன்னு ஊர் ஊரா காட்டினாங்க. அந்தக் கடலுக்கான வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2008 ஜூலை 30 அன்னைக்கு, ஓதம் ஏறி இறங்குற கரைத் தண்ணியும் அவங்க கட்டுப்பாட்டுல வரும்னு தீர்ப்பாச்சு. அந்தப் பட்டைகள் இப்ப சிட்னியில இருக்கிற கடல்சார் அருங்காட்சியகத்தோட சேகரிப்புல இருக்கு. 2025 மார்ச் 12 அன்னைக்கு இன்னொரு தீர்ப்பு: கோவ் பகுதியில அன்னைக்கு எடுத்த நிலத்துக்கு நியாயமான இழப்பீடு கேக்குற வாதம் செல்லும்னு உயர் நீதிமன்றம் சொல்லிருச்சு. வழக்கைத் தொடுத்த கலர்ருவுய் யுனுபிங்கு 2023-லேயே காலமாயிட்டார். 1963 எங்க, 2025 எங்க?

கிளைக்கதை பாக்கி இருக்குல்ல? நிலத்துல கிடைச்சதை வச்சே வரையணும்ங்கிற விதி. குன்ய்பி கனம்பார் என்கிற ஓவியர் சுரங்கத்தோட கன்வேயர் பெல்ட் ரப்பர், தூக்கிப் போட்ட தகடு இதுலயெல்லாம் தன் குல வடிவங்களைச் செதுக்க ஆரம்பிச்சார். இது விதிமீறல் இல்லையான்னு கேட்டா, இல்லை. அதுவும் அந்த நிலத்து மேலதானே கிடக்குது! 2018-ல அலுமினியத்துல செதுக்கின ஓவியத்துக்கு அந்த நாட்டோட பெரிய பூர்வகுடிக் கலைப் பரிசு அவருக்குக் கிடைச்சுது. அலுமினியம். எந்தப் பாக்சைட்டுக்காக அவர் மக்கள் மரப்பட்டையில மனு எழுதினாங்களோ, அதுலேர்ந்து வர்ற அதே உலோகம். குப்பையா கிடந்தாலும் நிலத்து மேல கிடந்தா அதுவும் நிலத்தோட பிள்ளைன்னு எடுத்துக்கிட்டாங்க.

ஏர்போர்ட்ல புள்ளி வச்ச பூமராங் மேக்னெட் வாங்கிட்டு "இயற்கையை நேசிக்கிற மக்கள்"னு சொல்லிட்டுப் போயிடுறது ரொம்பச் சுலபம். நேசம்னா சும்மா ஒரு உணர்ச்சி இல்லை, அது வேலை. பட்டை உரிக்கிற வேலை, ஊத்துல மணல் அள்ளுற வேலை, பேர் சொல்லிக் கூப்பிடுற வேலை, நீதிமன்றத்துல 40 வருஷம் காத்திருக்கிற வேலை.

இதை ஏன் இப்ப எழுதுறேன்னா, போன மாசம் ஊர்லேர்ந்து அப்பா போன் பண்ணினார். எங்க மூணு ஏக்கரை ஒருத்தர் கேக்குறாராம், நல்ல விலையாம். தூதரகத்துல போய் பவர் எழுதி அனுப்புன்னார். நியாயம்தான், பாக்குறதுக்கு ஆளில்லை. நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா வாய் தவறி, "அப்பா, அந்த வயலுங்களுக்கெல்லாம் அப்பத்தா ஏதோ பேர் சொல்லுமே, என்னென்ன?"ன்னு கேட்டேன்.

"கிணத்துச் செய்... ஆவாரஞ்செய்..." கொஞ்ச நேரம் அமைதி. "இன்னும் ரெண்டு இருக்குடா. உங்க அப்பத்தாளுக்குத்தான் தெரியும்."

அப்பத்தா போய் ஆறு வருஷம் ஆச்சு. சர்வே நம்பர் என்கிட்ட இருக்கு, எல்லைப் புள்ளிங்க இருக்கு, பாலிகான் கச்சிதமா மூடுது. அந்த ரெண்டு பேரு மட்டும் எங்கேயும் இல்லை.

பவர் இன்னும் அனுப்பல. அனுப்ப மாட்டேன்னு வீர வசனமெல்லாம் பேசப் போறதில்லை, அனுப்பத்தான் வேண்டியிருக்கும்னு நினைக்கிறேன். அதுக்கு முன்னாடி பக்கத்துக் காட்டுல வெள்ளாமை பண்ற பெரியவர் யாருக்காவது அந்தப் பேருங்க தெரியுமான்னு அப்பாவை விசாரிக்கச் சொல்லியிருக்கேன். "உனக்கு வேற வேலை இல்லையாடா"ன்னு திட்டிட்டு, நேத்து சைக்கிளை எடுத்துட்டுப் போயிருக்கார்னு அம்மா சொன்னாங்க.

உங்க ஊர் வயலுக்கெல்லாம் என்ன பேரு? தெரிஞ்சா பின்னூட்டத்துல எழுதிட்டுப் போங்க மக்கா. எங்கேயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்.